இரண்டு விரல் அகல ஆறு

சாம்பல்பேட்டை ஜங்ஷனில் மூன்று வருஷமாக மழை இல்லை. நாணலாறு வற்றி மணலாகி, அந்த மணலையும் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய், கடைசியில் ஆறு இருந்த இடத்தில் ஒரு நீளப் பள்ளம்தான் மிச்சம் என்று ஆனபோது, ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிப் பேசி என்ன முடிவு செய்தார்கள் என்றால், ஜங்ஷனுக்கு நூறு வயசு ஆகிறது, விழா எடுக்க வேண்டும், விழாவுக்கு ஊரையே பொம்மையாகச் செய்து வைத்து அதில் பொம்மை ரயில் விட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். தண்ணீர் இல்லாத ஊருக்கு இதுவா அவசரம் என்று கேட்டால், ஆமாம், இதுதான் அவசரம். அப்படிப்பட்ட ஊர்.

ரயிலும் தண்டவாளமும் சென்னையிலிருந்து பெட்டியில் வந்துவிட்டன. ரயிலைச் சுற்றி மலை, வயல், பாலம், ஆறு எல்லாம் செய்ய ஆள் வேண்டும் என்றதும் பிலோமினாவைக் கூப்பிட்டார்கள். பிலோமிக்கு முப்பத்திரண்டு வயசு, புருஷன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான், ஒன்பது வயசில் பிரின்சி என்று ஒரு மகள். டிசம்பர் பிறந்தால் மாதா கோயிலுக்கும் வசதியான வீடுகளுக்கும் கிறிஸ்துமஸ் குடில் கட்டித் தருவாள், மற்ற மாதமெல்லாம் கிடைத்த வேலைக்குப் போவாள். பழைய பேப்பரை மைதாப் பசையில் ஊறவைத்துப் போர்த்தினால் மலை. பச்சைச் சாயம் போட்ட மரத்தூளைத் தூவினால் புல். பீர்க்கங்கூட்டைக் கிள்ளிச் சாயத்தில் முக்கி ஈர்க்குச்சியில் செருகினால் மரம். இதெல்லாம் அவள் கைக்குத் தூக்கத்திலும் வரும்.

விழாக் கமிட்டித் தலைவர் தணிகாசலம், ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு, ரயில்வேக்காரர்களின் இன்ஸ்டிட்யூட் ஹாலில் போட்டிருந்த பெரிய மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார்.

"மாதா கோயில், பிள்ளையார் கோயில், பள்ளிவாசல், லாட்ஜு, மாவு மில்லு, ஆபீசர் குவார்ட்டர்ஸு, ஒரு வீடு விடக் கூடாது. ஆனா அந்த லைன்மேடு மட்டும் வேண்டாம்மா. போட்டோ எடுத்தா அசிங்கமா விழும். அந்த மூலைல ஒரு தோப்பு வச்சு மறைச்சிரு."

லைன்மேடு என்பது ரயில் ஓடாமல் நின்றுபோன ஒரு பழைய தண்டவாளத்தை ஒட்டி இருபது வீடு. பிலோமியின் வீடு அதில் பன்னிரண்டாவது. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "சரி சார்" என்றாள். அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், அவளுக்கு உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது, ஏனென்றால் விலாசம் எழுதச் சொன்னால் எப்போதுமே 'மாதா கோயில் பின்புறம்' என்று எழுதுகிறவள் அவள்.

ஆனால் குடில் கட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குடிலின் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், தங்கள் வீட்டையும் தீப்பெட்டி அளவில் செய்து ஒளித்து வைப்பார்கள், பிறக்கிற பாலன் கண்ணில் மட்டும் அது பட்டால் போதும் என்று. பதினைந்து வருஷப் பழக்கம், கை தானாகச் செய்தது. தோப்பை நட்டு முடித்ததும், அடிமரங்களுக்கு நடுவே, நீலக் கதவு வைத்த ஒரு வீட்டைச் செருகிவிட்டாள். ஒரே ஒரு வீடு. பக்கத்து வீட்டுக் குருவம்மாக்காவின் வீட்டையும் வைக்கலாமே என்று அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வைத்திருக்க மாட்டாள்.

அப்புறம் ஆறு. ஆழம் என்பது பெயிண்டில்தான் இருக்கிறது, நடுவில் கருநீலம், கரைக்கு வர வர மண் நிறம். அதன்மேல் ரெசின் என்கிற பசையை அதை இறுக வைக்கிற ஹார்டனரோடு கலந்து, ஒரு நூல் கனத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, மேலே வருகிற குமிழிகளைத் தீக்குச்சிச் சூட்டில் ஒவ்வொன்றாக உடைத்து, ஒரு நாள் காயவிட்டு, அதன்மேல் அடுத்த படலம். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் சூடேறி வெடித்துப்போகும். ஏழு நாள், ஏழு படலம், இரண்டு விரல் அகலத்துக்கு மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, பாலத்துக்கு அடியில் புகுந்து போகிற ஆறு. ஆறு படலமும் கல்லாகக் காய்ந்தன. ஏழாவது காயவில்லை.

எட்டாம் நாள் காலையில் தணிகாசலம் வந்து சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா, காயவே இல்லையே?" என்று விரலை வாயில் வைத்தவர், கொஞ்ச நேரம் நாக்கைச் சப்புக் கொட்டினார். "தண்ணிம்மா இது. உப்புகூட இல்ல. ஒரு டம்ளர் இருந்தா எடு."

அவ்வளவுதான். யாரும் மயங்கி விழவில்லை, யாரும் கை எடுத்துக் கும்பிடவில்லை. மத்தியானத்துக்குள் ஹால் வாசலில் முந்நூறு குடம் வரிசையில் நின்றது. ஆறு இரண்டு விரல் அகலம் என்பதால் செம்பு முங்காது, டம்ளர் முங்காது, கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பாலாடைதான் முங்கும் என்று கண்டுபிடித்து, ஊரில் இருந்த பாலாடை எல்லாம் பரணிலிருந்து இறங்கி வந்தன. பெண்கள் பாலாடை பாலாடையாக மொண்டு குடத்தில் ஊற்ற, எவ்வளவு மொண்டாலும் ஆறு ஒரு மயிரிழை குறையாமல் ஓட, மொண்டு மொண்டு கை வீங்கியவர்களுக்கு வைத்தியர் எண்ணெய் தடவ, அந்த எண்ணெய்க்கு மிளகாய் சேர்க்கலாமா கூடாதா என்று ஒரு சண்டை வந்து ஓய, வார்னிஷ் வாசம் லேசாக அடிக்கிற அந்தத் தண்ணீரில் காபி போட்டால் தூக்கலாக இருக்கிறது என்று ஆபீசர் வீட்டம்மாக்கள் சொல்ல, அப்படியே இரண்டாவது வாரத்தில் ஊருக்கு அது பழகிப் போய்விட்டது. மோட்டார் வைத்து உறிஞ்சிப் பார்த்தார்கள், குழாய்க்குள் போனதும் தண்ணீர் இறுகிக் குழாய் வெடித்தது. 'மோட்டார் வைக்காதீர்' என்று ஒரு போர்டு எழுதி மாட்டினார்கள். பொம்மை ரயில் மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை.

லைன்மேட்டுக்காரர்களும்தான் குடத்தோடு வந்தார்கள். குருவம்மா முதல் ஆளாக வந்தாள். ரயில் பெட்டி கழுவுகிற வேலை அவளுக்கு, அடுத்தவன் பயணம் போன அழுக்கையெல்லாம் கழுவிக் கழுவி நாக்கிலும் காரம் ஏறிப்போனவள். குடம் நிறைய மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கையில், பாதி வழியில் தளும்புகிற சத்தம் நின்றுவிட்டது. இறக்கிப் பார்த்தால், தண்ணீர் இறுகிக் கண்ணாடிபோல் உட்கார்ந்திருக்கிறது, குடத்தின் அடி தெளிவாகத் தெரிகிறது, விரலை வைத்தால் நகம்தான் தேய்கிறது. லைன்மேட்டில் பத்தொன்பது வீட்டுக்கும் இப்படித்தான் ஆனது. குடத்தை உடைத்துக் கட்டியை எடுத்து வாசலில் போட்டார்கள். குடம் வடிவத்தில் பளபளவென்று இருந்த அந்தக் கட்டிகளைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க நல்லாருக்கும் என்று ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

பொம்மையில் வீடு இருக்கிறவனுக்குத்தான் தண்ணீர் தண்ணீராக இருக்கும் என்று ஊர் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. ஈரோட்டிலிருந்து வந்து லாட்ஜில் தங்கிய பனியன் வியாபாரிக்கு முதல் நாள் இறுகியது, ஒரு ராத்திரி லாட்ஜில் தூங்கி எழுந்ததும் ஓடியது. ஆக, தலை வைத்துத் தூங்குகிற இடம்தான் கணக்கு. இது தெரிந்த மறுநாளே லைன்மேட்டுக்காரர்களுக்கு லாட்ஜில் அறை இல்லை என்றும், ஊருக்குள் வாடகைக்கு வீடு இல்லை என்றும், சொந்தக்காரர் வீட்டில்கூடப் பாய் இல்லை என்றும் ஆகிவிட்டது. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. தானாகவே ஆனது.

மாவு மில் அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு. தம்பிக்காரன் ஒருநாள் வரிசையில் நின்றபடியே கையை நீட்டி, நகவெட்டியால் அண்ணன் வீட்டைப் பெயர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அந்த நேரத்தில் அண்ணன் வீட்டில் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். முன்பல் மூன்று உடைந்தது. அதற்கப்புறம்தான் தணிகாசலம் மேஜை முழுக்கக் கண்ணாடிக் கூண்டு போட்டு, ஆற்றுக்கு மட்டும் ஒரு நீளச் சந்து விட்டு, பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். வாரத்துக்கு ஒரு தடவை பிலோமி உள்ளே தூசி தட்டுவாள், அவர் பக்கத்திலேயே நின்று மரங்களை எண்ணிக்கொண்டிருப்பார்.

இப்போது பிலோமி கதைக்கு வருவோம். அவள் குடம் இறுகவில்லை. முதல் நாளே தெரிந்துவிட்டது அவளுக்கு. சலவைத் துணி மூட்டைக்குள் குடத்தை வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள், கதவைச் சாத்திக்கொண்டு மகளும் அவளும் குடித்தார்கள். ஒரு தடவை மனசு கேட்காமல் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அரை டம்ளர் கொடுத்துப் பார்த்தாள், அந்தப் பிள்ளை கையிலேயே இறுகியது, அதைப் பிடுங்கி அடுப்புக்குள் ஒளித்தாள். கொடுத்தாலும் பிரயோஜனமில்லை, அப்புறம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பொய். தூங்குகிற இடம்தான் கணக்கு என்பது ஊருக்கே தெரிந்திருந்தது, அவளுக்கும் தெரிந்திருந்தது. வாங்க, என் வீட்டில் வந்து படுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாற்பது நாள் சொல்லவில்லை.

அந்த நாற்பது நாளில், ஊருக்குத்தான் ஆறு இருக்கிறதே என்று தண்ணீர் லாரியும் வராமல் போக, லைன்மேட்டுக்காரர்கள் எஞ்சின் ஷெட் குழியில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். குருவம்மாவின் மகள் மாரிக்கனி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஆண் பிள்ளை, தாய்க்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பால் வற்ற, பிள்ளைக்கு அந்தக் குழித் தண்ணீரில் சர்க்கரை கரைத்துப் புகட்டினார்கள். மூன்று நாள் போனது வயிற்றுப்போக்கு, நாலாம் நாள் பிள்ளை போனது. பேர்கூட வைக்கவில்லை.

பிள்ளையை எடுக்கிற அன்றைக்கு எல்லாரும் வந்தார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள், கத்தினார்கள், ஒருத்திக்கும் கண்ணில் நீர் வரவில்லை, உடம்பில் இருந்தால்தானே வரும். பிலோமி மட்டும் அழுதாள். கன்னம் நனைந்து, தாடை நனைந்து, ரவிக்கையில் சொட்டச் சொட்ட அழுதாள். குருவம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகக் கிளம்பிய பிரின்சியை வாசலில் மறித்தாள்.

"இங்க வாடி தங்கம்."

"என்ன அத்த?"

"தலைக்குக் குளிச்சியா?"

"இல்லியே."

குருவம்மா அந்தப் பிள்ளையின் சடையைப் பிடித்து, துணி பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு முறுக்கினாள். நுனியிலிருந்து நாலு சொட்டு அவள் உள்ளங்கையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே நாலு கண்ணாடி மணியாக உருண்டன. அவள் அதை மூடிக்கொண்டு நடந்தாள், லைன்மேடே பின்னால் நடந்தது. ஹாலுக்குள் போய்க் கூண்டின் மூலையில் குனிந்து, பீர்க்கங்கூட்டு மரங்களுக்கு அடியில் ஒவ்வொருத்தராக எட்டிப் பார்த்தார்கள். நீலக் கதவு தெரிந்தது.

பிலோமி ஓடி வந்தபோது குருவம்மா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தான்டி செஞ்சிருக்க. கதவுக்கு நாதாங்கிகூட வச்சிருக்கியே."

"அக்கா, அது வழக்கம்க்கா. குடில் கட்டுறவங்க எல்லாரும் வைப்பாங்க. தண்ணியாவும்னு எனக்குத் தெரியாதுக்கா."

"செய்யறப்பத் தெரியாது. சரி. நாப்பது நாளாத் தெரியுமில்ல?"

பிலோமி நேராக வரிசையின் முன்னால் உட்கார்ந்திருந்த தணிகாசலத்திடம் போனாள்.

"சார், சாவியக் குடுங்க. பத்தொம்பது வீடு. ஒரே நாள்ல செஞ்சு வச்சிருவேன். தோப்ப எடுத்துட்டா எடம் இருக்கு."

"தோப்ப எடுக்கறதா? அந்தத் தோப்புக்குக் கவுன்சிலர் பட்டா வாங்கிட்டார்மா."

"அப்படி ஒரு தோப்பே இல்லியே சார்!"

"இல்லாததுக்கு எப்படிப் பட்டா குடுப்பாங்க?" என்றார் அவர், நிஜமாகவே கேட்கிறவர் மாதிரி. அப்புறம் குரலைத் தணித்தார். "இங்க பாரு, மறைக்கச் சொன்ன எடத்துல உன் வீட்ட மட்டும் வச்சிருக்க. நான் பாக்காத மாதிரி விட்டுர்றேன். தூசி தட்ட ஆள் வேணும். அதோட நிறுத்திக்க."

பிலோமி வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். மாதா கோயிலில் அவள் கட்டிய குடிலுக்கு முன்னால் முட்டி போட்டவர்கள், அவள் மகளுக்குப் பழைய சட்டை கொடுத்தவர்கள், எல்லாரும் நின்றார்கள்.

"நீங்க சொல்லுங்க. எவ்வளவு மொண்டாலும் குறையாத தண்ணி. இவங்களும் மொண்டுக்கிட்டா உங்களுக்கு என்ன கொறஞ்சுபோகும்?"

டீச்சரம்மா ஒருத்தி, நல்ல மாதிரியானவள்தான், கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னாள்: "தண்ணி குறையாதும்மா. ஆனா வரிசை நீளும்ல?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

அப்போதுதான் பிலோமி அந்த வார்த்தையைச் சொன்னாள். நாற்பது நாள் தொண்டையில் கிடந்த வார்த்தை. "அக்கா, எல்லாரும் என் வீட்டுக்கு வந்துருங்க. அங்கயே படுங்க. வீடு ஒண்ணுதான், ஆனா வீடு வீடுதானே." சொன்னதும் அவளுக்கு உடம்பே லேசானது. பாவத்தைக் கழுவிவிட்டோம் என்று நினைத்தாள். அவ்வளவு சுலபமாகக் கழுவ முடிந்தால் எல்லாரும் கழுவிக்கொண்டு போயிருப்பார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி வீடு. லைன்மேட்டில் எண்பத்து மூன்று பேர். அடுப்பை எடுத்து வெளியே வைத்தார்கள், கட்டிலை எடுத்தார்கள், மாதா படத்தைக் கழற்றி அந்த ஆணியில் தொட்டில் கட்டினார்கள், உத்தரத்திலிருந்து சேலைத் தூளி பதினாலு தொங்கவிட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு பிள்ளைகளைப் போட்டார்கள், ஆண்கள் சுவரோடு சுவராக நின்றபடி தூங்கக் கற்றுக்கொண்டார்கள், கர்ப்பிணிகள் ஜன்னலடி, இருமுகிறவர்கள் கதவடி என்று குருவம்மா இடம் பிரித்தாள். பெட்டி கழுவுகிறவள், எந்தப் பெட்டியில் எத்தனை பேர் அடங்குவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தலை மட்டும் நிலைப்படிக்கு உள்ளே இருந்தால் போதும், உடம்பு வெளியே கிடந்தாலும் செல்லும் என்று கண்டுபிடித்தார்கள், அதனால் வாசலைச் சுற்றி முப்பது உடம்பு சூரியகாந்திப் பூ இதழ் மாதிரி வெளியே விரிந்து கிடந்தது. மறுநாள் காலையில் எண்பத்து மூன்று பேரும் பாலாடையோடு வரிசையில் போய் நின்றார்கள். ஒரு சொட்டு இறுகவில்லை. ஊர் முறைத்தது, ஆனால் சட்டத்தில் ஓட்டை என்று ஒத்துக்கொண்டது.

முதல் வாரம் பிலோமிக்கு நடுவீட்டில் இடம். எல்லாரும் அவளை மகராசி என்றார்கள். இரண்டாம் வாரம் மாரிக்கனிக்கு முதுகு வலி என்று பிலோமி ஒதுங்கிச் சுவரடிக்குப் போனாள். மூன்றாம் வாரம் கேள்விப்பட்டு விருத்தாசலத்திலிருந்து லைன்மேட்டுச் சகாயத்தின் அண்ணன் குடும்பம் ஒன்பது பேர் வந்து இறங்கியது, வந்த பிள்ளைகளை எப்படி வெளியே போடுவது என்று அவள் கதவடிக்கு நகர்ந்தாள். அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளை வீட்டார் தங்கிவிட்டார்கள். ஆளாளுக்குப் படுக்கிற இடம் அவரவர் சொத்து மாதிரி ஆகி, அப்பன் இடம் மகனுக்கு என்றெல்லாம் பேச்சு வந்தது. பிலோமிக்கு மட்டும் இன்ன இடம் என்று இல்லை, வீடே அவளுடையதாக இருந்ததால் யாரும் அவளுக்கு ஒதுக்கவில்லை. வாரிசு இடம் ஒன்று காலியாக இருந்தது, செத்துப்போன பிள்ளைக்கு என்று குருவம்மா தன் பக்கத்தில் விட்டிருந்த இரண்டு சாண். அதில் குருவம்மா பிரின்சியைப் படுக்க வைத்துக்கொண்டாள். பிரின்சி அவளை அத்தை என்று கூப்பிடுவதை விட்டு அம்மாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தாள். எண்ணெய் வைத்து, சடை போட்டு, குருவம்மா நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள்.

ஒருநாள் விடியற்காலையில் பிலோமி கண் விழித்தபோது அவள் தலை நிலைப்படிக்கு வெளியே, மண்ணில் கிடந்தது. தூக்கத்தில் யாரோ காலால் தள்ளியிருக்கிறார்கள், வேண்டுமென்றுகூட இருக்காது. அன்றைக்கு அவள் மொண்ட குடம் மாதா கோயில் திருப்பத்தில் தளும்புவதை நிறுத்தியது. அடுத்த நாளும் தலைக்கு இடம் கிடைக்கவில்லை, அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் எஞ்சின் ஷெட் குழிக்குப் போனாள், அது வற்றியிருந்தது. தணிகாசலத்திடம் போனாள். கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே கிடந்து ஒரு மணி நேரம் கெஞ்சினாள். "உனக்கென்னம்மா, உனக்குத்தான் வீடு இருக்கே" என்றார் அவர்.

திரும்பி வந்து தன் வீட்டு வாசலில் நின்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. நீலக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் மொள்ளுகிற சத்தம், யாரோ வாய் கொப்பளிக்கிற சத்தம், பிரின்சி சிரிக்கிற சத்தம்.

"அக்கா."

குருவம்மா கதவிடுக்கில் முகத்தைக் காட்டினாள். கோபம் எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"ஒரு தலை வைக்க மட்டும் எடம் குடுக்கா. தலை மட்டும். உன் காலடில கெடந்துக்கிறேன்."

குருவம்மா திரும்பி உள்ளே பார்த்தாள். ஒவ்வொரு தலையாக, நிதானமாக, நேர்மையாகத்தான் எண்ணிப் பார்த்தாள். அப்புறம் பிலோமியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"புரண்டு படுக்கவே வழியில்லடி. செய்யும்போதே இன்னும் ஒரு விரல்கடை அகலமாச் செஞ்சிருக்கலாம்ல நீ?"